காக்காய் ஓட்டுகிற கை

ஜனவரி 9, செவ்வாய்

இந்த டைரி ஓசியில் வந்தது. பம்பு கம்பெனிக்காரர்கள் கொடுத்தார்கள். பக்கத்துக்குப் பக்கம் அடியில் ஒரு மோட்டார் படம். முதல் பக்கத்தில் பெயர், விலாசம், ரத்த வகை எல்லாம் கேட்டிருந்தது. பெயர் சாந்தாமணி. விலாசம், மேம்பாலத்து முப்பத்தெட்டாம் தூணடி, இட்லிக் கடை. ரத்த வகைக்குச் சிவப்பு என்று எழுதினேன். ஐந்தாம் வகுப்போடு நின்றவளுக்கு அதுவே அதிகம்.

எங்கள் பாலத்துத் தூண்களில் படம் வரையப் போகிறார்களாம். அந்தக் கம்பெனியே பணம் கொடுக்கிறது, மாநகராட்சி தூணைக் கொடுக்கிறது. மார்ச் மாதத்துக்குள் செலவழிக்காவிட்டால் பணம் திரும்பிப் போய்விடும் என்று மாநகராட்சி இன்ஜினியர், ஜே.இ. சார், ஓடித் திரிகிறார். அவர் காலையில் என் கடையில்தான் நாலு இட்லி சாப்பிடுவார்.

"உங்க பணமும் என்ற மாவு மாதிரிங்களா சார்? நாள் தாண்டுனா புளிச்சிருமா?" என்றேன். அவருக்குப் புரையேறிவிட்டது.

வரைகிற பெண்ணின் பெயர் பெனிட்டா. நாகர்கோவில்காரி. முப்பது வயதிருக்கும். அவள் பேன்ட்டில் இல்லாத நிறம் கிடையாது. இந்தத் தெருவில் இருக்கிறவர்களின் முகத்தையே வரைவாளாம். முப்பத்தாறில் ஆட்டோக்கார ஹக்கீம் பாய். முப்பத்தேழில் பூக்காரம்மா. முப்பத்தெட்டில் நான்.

"ஆகாது அம்மிணி. என்ற மூஞ்சிய இருவதடிக்குப் பாத்தா லாரிக்காரன் ஸ்டியரிங்க உட்டுருவான்."

"அப்போ யாரை வரையட்டும் அக்கா? எனக்கு ஒரு முகம் வேணுமே."

யோசித்துச் சொல்கிறேன் என்றேன். யோசிக்க ஒன்றுமில்லை.

ஜனவரி 11, வியாழன்

உளுந்து டப்பாவைக் கவிழ்த்துத் துடைத்தேன். அடியில் போட்டிருந்த காலண்டர் அட்டைக்குக் கீழே ஒரு போட்டோ. அது அங்கே இருப்பது எனக்குத் தெரியும். மொட்டை மாடியில் வடகம் காய்கிறது. ஒரு பெண் கையைத் தூக்கிக் காக்காய் ஓட்டுகிறாள். கையில் முருங்கைக் குச்சி. மஞ்சள் தாவணி. கண்ணை உருட்டிக்கொண்டு, வாய் நிறையச் சிரிப்பு.

பெனிட்டாவிடம் கொடுத்தேன்.

"அழகா இருக்காங்களே! யாரு அக்கா?"

"எங்க சொந்தத்துல ஒரு புள்ள."

பொய் இல்லை. சொந்தம்தான்.

"அவங்ககிட்ட அனுமதி கேக்கணுமே."

"அந்தக் காக்காகிட்டயும் கேட்டுருங்க."

சிரித்துவிட்டாள். ஆளைச் சிரிக்க வைத்துவிட்டால் அடுத்த கேள்வி வராது. கடை வைத்ததில் நான் கற்றுக்கொண்ட பாடம் அது ஒன்றுதான்.

ஜனவரி 15, திங்கள்

பொங்கல். கடை இல்லை. இரண்டு பேருக்கு எதற்கு இத்தனை என்றார் வீட்டுக்காரர். வைத்தேன். மீந்தது.

ஜனவரி 19, வெள்ளி

சாரம் கட்டியாயிற்று. பெனிட்டா தூண் முழுக்கக் கட்டம் போட்டுவிட்டு, முதலில் கண்ணை வரைந்தாள். மூக்கில்லை, வாயில்லை, நெற்றியில்லை. சாம்பல் நிறத் தூணில் இரண்டு கண் மட்டும், என் தோசைக்கல்லைப் பார்த்துக்கொண்டு.

அரைவேக்காட்டு முட்டைக் கலக்கி கேட்டவருக்கு ஆம்லெட் போட்டேன். ஆம்லெட் கேட்டவருக்குக் கரி போட்டேன்.

"என்னக்கா, முட்டை தீயுது?" என்றார் ஹக்கீம் பாய்.

"கண்ணு பட்டுருச்சு பாய். மேல பாருங்க."

ஜனவரி 22, திங்கள்

இன்று சாரத்தைப் பிரித்துவிட்டார்கள். தூக்கிய கை பாலத்தின் அடியைத் தொடுகிறது. குச்சியின் நுனியில் ஒரு காக்காய் பறக்கிறது. சிக்னலில் நிற்கிற பஸ்ஸிலிருந்து ஆட்கள் எட்டிப் பார்க்கிறார்கள்.

என் வீட்டுக்காரர் சென்னியப்பன் பவுண்டரியில் முப்பது வருடம் வேலை பார்த்து முதுகு போனவர். இப்போது மாவாட்டித் தருகிறார், கடைக்குச் சைக்கிளில் குடம் கட்டித் தண்ணீர் கொண்டு வருகிறார். கண்ணை வரைந்த அன்றே சாரத்தில் கோணிப்படுதா கட்டி மறைத்துவிட்டதால், முழு முகம் இத்தனை நாள் அவர் கண்ணில் படவில்லை. இன்று பட்டது. சைக்கிள் நின்றது. குடம் நிற்கவில்லை.

"இது உன்ற வேலையா புள்ள?"

"பெயிண்ட்டு கம்பெனியுது, தூணு கவர்மெண்டுது. என்ற வேலை எங்கீங்க வந்துது?"

"நாம தலை முழுகின புள்ளடி அது."

சொல்லிவிட்டுக் குடத்தை அங்கேயே விட்டுப் போய்விட்டார்.

ஆறு வருடம் ஆகிறது. காலனிப் பையனோடு போய்க் கல்யாணம் செய்துகொண்டாள். பெற்றதைச் செத்ததாக வைத்துக்கொள்ள எங்கள் சனத்தில் ஒரு வழி இருக்கிறது. தலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டு, முடிந்தது என்று எழுந்து வருவது. வந்தோம். ஊரில் தலைகாட்ட முடியாமல் அன்னூர்ப் பக்கத்திலிருந்து இங்கே குடி வந்தோம். எங்களுக்குப் பிள்ளை இல்லை என்றுதான் இந்தத் தெருவில் சொல்லி வைத்திருக்கிறோம்.

இதற்கு மேல் எழுத இந்தப் பக்கத்தில் இடமில்லை. மோட்டார் படம் இருக்கிறது.

ஜனவரி 26, வெள்ளி

திறப்பு விழா. தூணுக்கு ரிப்பன் கட்டி வெட்டினார்கள். கதவில்லாத ஒன்றை எப்படித் திறப்பார்கள் என்று பார்க்க எனக்கு ஆசையாக இருந்தது. படத்துக்கு அடியில், ஆள் இடுப்பு உயரத்தில், கம்பெனிப் பெயரைப் பெரிதாகப் போட்டிருக்கிறார்கள்.

எங்கள் தெருச் சங்கத் தலைவர் குப்புராஜ், சிமெண்ட் கடைக்காரர், எங்கள் சனம்தான். மைக்கை வாங்கிக்கொண்டு ஒரு கேள்வி கேட்டார்.

"சாக்கடைக்கு மூடி இல்லாம போன மாசம் ரெண்டு பேரு உழுந்தாங்க. அதுக்குக் காசில்ல. தூணுக்குப் பொட்டு வெக்கக் காசு இருக்குதுங்களா?"

"அது வேற ஹெட்டுங்க, இது வேற ஹெட்டுங்க," என்றார் ஜே.இ. "இந்த ஹெட்டுல இருக்கற பணத்த அந்த ஹெட்டுக்கு மாத்த முடியாதுங்க."

"கவர்மெண்டுக்கு எத்தனை தலைங்க சார்? ராவணனே பத்தோட நிறுத்திக்கிட்டானே," என்றேன். கூட்டம் சிரித்தது. குப்புராஜும் சிரித்தார்.

அவர் கேட்டது நியாயம்தான். அந்தச் சாக்கடையில் என் தோசைச் சட்டுவமே போயிருக்கிறது. படத்தால் யாருக்கு என்ன பிரயோசனம் என்று என்னைக் கேட்டால் எனக்கும் சொல்லத் தெரியாது. பெனிட்டாவுக்கே தெரியவில்லை, பேசப்போய்த் திக்கினாள். எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். நான்கு நாளாக அரைமணி நேரம் முன்னாலேயே கடைக்கு வந்துவிடுகிறேன். அடுப்புப் பற்ற வைக்காமல் சும்மா உட்கார்ந்திருக்கிறேன்.

வீட்டுக்காரர் இப்போது சுற்றுவழியாக வந்து, தூணுக்கு அந்தப் பக்கமே குடத்தை இறக்கி வைத்துவிட்டுப் போகிறார்.

ஜனவரி 31, புதன்

இதுவும் நடக்கும் என்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஒயின்ஷாப் இருபது அடி தள்ளித்தான். முதல் அபிஷேகம் கம்பெனிப் பெயருக்கு. அப்படியே விட்டிருந்தால் சிரித்திருப்பேன். தெறித்து அவள் பாதத்திலும் பட்டிருக்கிறது. மத்தியானத்துக்குள் நாலு பேர். ஒருத்தன் மேல் சாம்பாரை ஊற்றினேன், சூடு ஆறிப்போனது அவன் அதிர்ஷ்டம்.

பினாயில் போட்டுக் கழுவினேன்.

பிப்ரவரி 1, வியாழன்

மறுபடி கழுவினேன்.

ஜே.இ. சாரைக் கேட்டேன். வரைய ஹெட் இருந்ததாம், பராமரிக்க ஹெட் இல்லையாம். கம்பெனிக்குப் போன் போட்டேன். மாநகராட்சியிடம் ஒப்படைத்துவிட்டார்களாம். பெனிட்டா சேலத்தில் வேறு சுவரில் இருக்கிறாள். "வார்னிஷ் அடிச்சிருக்கேன் அக்கா, எத்தனை தடவை வேணும்னாலும் கழுவலாம்" என்றாள். கழுவுகிறவளுக்கு வார்னிஷ் அடிக்கவில்லையே கண்ணு என்றேன்.

பிப்ரவரி 5, திங்கள்

ஐந்து நாளில் பதினோரு தடவை. முழங்கை வலிக்கிறது. வீட்டுக்காரர் தள்ளி நின்று பார்த்துக்கொண்டுதான் இருந்தார். "உனக்கெதுக்குடி இந்த வேலை?" என்று மட்டும் கேட்டார்.

பிப்ரவரி 6, செவ்வாய்

எல்லா ஊரிலும் செய்கிறதுதான். சுவரில் சாமி டைல்ஸ் ஒட்டினால் ஒருத்தனும் வேட்டியைத் தூக்க மாட்டான். டைல்ஸ் வாங்கினால் பெயர்த்துக்கொண்டு போய்விடுவார்கள் என்று, விடிந்ததும் வீட்டு மஞ்சளையே குழைத்து வந்து தூணின் அடியில் பூசினேன். நடுவில் மூன்று குங்குமப் பொட்டு. ஒரு கொத்து வேப்பிலை சொருகினேன். பாதத்தைத் தொடவில்லை, அதற்குக் கீழேதான்.

சாயங்காலம் ஒரு குடிகாரன் வழக்கமான இடத்துக்கு வந்து நின்றான். மஞ்சளைப் பார்த்தான். அண்ணாந்து பார்த்தான். செருப்பைக் கழற்றிவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டு போனான்.

வெகுநாளைக்கு அப்புறம் வயிறு வலிக்கச் சிரித்தேன்.

பிப்ரவரி 8, வியாழன்

ஒரு சொட்டு இல்லை. மாநகராட்சியால் முடியாததை அஞ்சு ரூபாய் மஞ்சள் செய்துவிட்டது. ஜே.இ. சாரிடம், "எனக்கொரு ஹெட் போட்டுக் குடுங்க" என்றேன்.

பிப்ரவரி 13, செவ்வாய்

தூணடியில் எலுமிச்சம்பழம் இருந்தது. நான் வைக்கவில்லை.

பிப்ரவரி 16, வெள்ளி

சூடம், அகல், முழம் பூ. மில்லுக்குப் போகிற பெண்கள் பஸ்ஸை விட்டு இறங்கிக் கும்பிட்டுவிட்டு ஏறுகிறார்கள். மஞ்சள் தாவணி, உருட்டிய கண், தூக்கிய கை. கை அருள் கொடுக்கிறதாம். குச்சி, சூலமாம். காக்காய் சனி பகவானாம், அம்மன் சனியை விரட்டுகிறாளாம். முருங்கைக் குச்சி என்று சொல்ல வாய் வந்தது. இட்லி நன்றாக ஓடிக்கொண்டிருந்தது. சொல்லவில்லை.

பூக்காரம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்: "புள்ள இல்லாத உங்க கொறைக்குத்தான் சாந்தாக்கா, ஆத்தா வந்து உங்க கடைக்கு நேரா நிக்கறா."

"ஆமா, கடன் சொல்லாத புள்ள," என்றேன். அவள் சிரித்தாள். நான் பாத்திரம் கழுவப் போனேன்.

பிப்ரவரி 20, செவ்வாய்

பாலத்து மாரியம்மன் என்று பெயர் வைத்துவிட்டார்கள். போனில் வீடியோவாகச் சுற்றுகிறதாம். குப்புராஜ் கமிட்டி போட்டிருக்கிறார். தூணுக்குப் பொட்டு வைக்கக் காசிருக்கிறதா என்று கேட்ட அதே குப்புராஜ். ஒரு வாரத்தில் தெருவே பணம் போட்டுவிட்டது. படமாக இருந்தவரை ஒருத்தர் கை பைக்குள் போகவில்லை.

சேலை சுற்றினார்கள். கழுத்துவரை மூடிவிட்டது.

பிப்ரவரி 21, புதன்

இன்று முகத்துக்கு முன்னால் திரை. பூசை நேரத்தில் மட்டும் விலக்குவார்களாம். காலை ஆறரை, மாலை ஆறரை. நான் காலை ஐந்தரைக்கே வந்து உட்கார்ந்திருந்தேன். பச்சைத் துணியைப் பார்த்துக்கொண்டு.

பிப்ரவரி 23, வெள்ளி

குப்புராஜ் கடைக்கு வந்தார். மரியாதையாகத்தான் பேசினார்.

"சாந்தாக்கா, தப்பா நெனைக்காதீங்க. சன்னிதிக்கு நேரா முட்டை வாசம் வருதுன்னு பொம்பளைங்க சொல்றாங்க. கடைய ஒரு நூறடி தள்ளிப் போட்டுக்குங்க."

"ஆத்தா ஆட்டையே தின்னவ. ஒரு கலக்கிக்கா மொகம் சுளிப்பா?"

"உங்களுக்கு எல்லாம் வெளையாட்டுதான். மார்ச் எட்டு வெள்ளிக்கெழம பிரதிஷ்டை. வெள்ளிக் கண்ணு, வெள்ளிக் கிரீடம் சொல்லியாச்சு. தூணுல ட்ரில் போட்டு இறுக்கிருவோம். மேல தகரக் கூரை. அதுக்குள்ள பாத்துக்குங்க."

"எங்க ட்ரில் போடுவீங்க?"

"கண்ணுல தானுங்க."

அடுப்பில் ஏதோ கருகியது.

பிப்ரவரி 26, திங்கள்

இன்று வீட்டுக்காரரே பேச்சை எடுத்தார். உளுந்து களைந்துகொண்டிருந்தார்.

"நாம தலை முழுகினவள ஊரே கும்புடுது, பாத்தியா."

எனக்குச் சிரிப்பு வந்தது. அவர் சிரிக்கவில்லை.

"கண்ணுல ஆணி அடிக்கறாங்களாமா, ஏனுங்க," என்றேன்.

அவர் களைந்த உளுந்தையே திரும்பத் திரும்பக் களைந்துகொண்டிருந்தார். பிறகு, "செவுத்துக்கு வலிக்காது," என்றார்.

இந்த டைரியில் அவர்மேல் பழியைப் போட்டு எழுதியிருக்கிறேன் என்று படித்துப் பார்த்தால் தெரிகிறது. இதையும் எழுதிவிடுகிறேன். தலை முழுகிய அன்றைக்கு அவர் குளியலறை வாசலில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தார், எழவில்லை. செம்பை எடுத்துக் கையில் கொடுத்தவள் நான். "ஊத்துங்க, தலை மட்டும்தானே நனையும்" என்று சொன்னேன். அதையும் வேடிக்கையாகத்தான் சொன்னேன்.

பிப்ரவரி 28, புதன்

ஜே.இ. சாரை அவர் ஆபீசிலேயே போய்ப் பார்த்தேன்.

"கோயில்னு ஆயிருச்சுன்னா என்னால கை வைக்க முடியாதுங்க அக்கா. படம்னா நிறுத்தலாம். மாநகராட்சி சொத்து, ட்ரில் போடக் கூடாதுன்னு நோட்டீஸ் குடுக்கலாம். ஆனா இது இன்னாருடைய படம், சாமி இல்லைன்னு ஆதாரத்தோட யாராச்சும் எழுதிக் குடுக்கணும். போட்டோ வேணும். ஆளோட பேரு, எழுதறவங்களுக்கு என்ன உறவு, எல்லாம் வேணும்."

"பெனிட்டா எழுதிக் குடுத்தா?"

"அவங்களுக்குத் தெரியாதாமே. சாந்தாக்கா சொந்தத்துல ஒரு பொண்ணுன்னுதான் தெரியுமுங்கறாங்க."

யோசித்துச் சொல்கிறேன் என்றேன்.

மார்ச் 1, வெள்ளி

யோசித்தேன். எழுதிக் கொடுத்தால் பிள்ளை இல்லாதவர்கள் என்கிற பேச்சு போய்விடும். எங்கள் சனம் தண்ணீர்கூட வாங்கிக் குடிக்காது. கடைக்கு வருகிறவர்களில் பாதி அவர்கள்தான். அவர் பழையபடி பையைத் தூக்கிக்கொண்டு ஊர் மாற வேண்டும், அந்த முதுகோடு. எழுதாவிட்டால் ஒரு நஷ்டமும் இல்லை. கடை நூறடி தள்ளிப் போகும், அவ்வளவுதான்.

அவரிடம் கேட்கவில்லை. செம்பைக் கொடுத்த அன்றைக்கும் நான்தான் அவருக்குச் சேர்த்து முடிவு செய்தேன்.

மார்ச் 4, திங்கள்

ஆபீசில் வெள்ளைத் தாள் கொடுத்தார்கள். பேனாவை உதறி உதறி எழுதினேன். என்ன எழுதினேனோ அதை இங்கேயும் எழுதிவைக்கிறேன்.

"ஐயா, முப்பத்தெட்டாம் தூணில் இருப்பது அம்மன் இல்லை. பெயர் கோகிலவாணி. என் மகள். வடகத்துக்குக் காக்காய் ஓட்டுகிறாள். கையில் முருங்கைக் குச்சி. உயிரோடு இருக்கிறாள். ஈரோட்டுப் பக்கம் இருக்கிறாள். கணவர் பெயர் அருள்ராஜ், கீழ்க் காலனி. அவள் கண்ணில் ட்ரில் போட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். இப்படிக்கு, தாயார் சாந்தாமணி."

இரண்டு மாதமாக இத்தனை பக்கம் எழுதியிருக்கிறேன். மகள் என்கிற அந்த ஒரு வார்த்தை இன்றுதான் என் கையிலிருந்து வந்தது.

ஜே.இ. சார் இரண்டு தடவை படித்தார்.

"வீட்டுக்காரர் பேரு, காலனி, இதெல்லாம் வேண்டாமுங்க அக்கா. மகள்னு போட்டாப் போதும். எதுக்கு வம்பு?"

"இருக்கட்டும் சார். பொய் சொல்றவ எவளும் இந்தப் பேர எழுத மாட்டா. அப்பத்தான் நம்புவாங்க."

மார்ச் 6, புதன்

நோட்டீஸ் ஒட்டினார்கள். பத்து மணிக்கெல்லாம் தெருவுக்கே தெரிந்துவிட்டது. வெள்ளிக் கண் வரவில்லை. திரையை யாரோ பிடுங்கினார்கள். சேலையை உருவிச் சாக்கடையில் போட்டார்கள். நேற்றுவரை கும்பிட்டவர்கள் இன்று அந்தப் பக்கம் திரும்பாமல் நடக்கிறார்கள். யாராவது கோபமாகத் திட்டியிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். எனக்கு அதுதானே வரும்.

குப்புராஜ் மட்டும் வந்தார். மரியாதை போய்விட்டது.

"எங்கள எல்லாம் எவளுக்குக் கை எடுக்க வெச்சிருக்கற, தெரியுதா?"

"நான் யாரையும் கும்புடச் சொல்லலீங்க. ஒண்ணுக்குப் போகாதீங்கன்னுதான் மஞ்சள் வெச்சேன்."

"சிரிக்காத."

நான் சிரிக்கவில்லை. என் முகமே அப்படித்தான்.

ஆனால் முகம் தெரிகிறது. கழுத்திலிருந்து நெற்றிவரை, சேலைக் கயிறு உராய்ந்த கோடு ஒன்று போக, அப்படியே இருக்கிறது. மத்தியானம் முழுக்கப் பார்த்தேன். ஆள் இல்லாத கடையில் வேறு வேலை என்ன.

மார்ச் 7, வியாழன்

எண்பது இட்லி மீந்தது. ஹக்கீம் பாய் எட்டு தின்றார். "எனக்குப் பசி அக்கா," என்றார். பசியாம். காலையில் வீட்டில் சாப்பிட்டுவிட்டு வந்தவர்.

வீட்டுக்காரரிடம் யாரோ தெருவில் வைத்துக் கேட்டிருக்கிறார்கள், உன்ற பொண்ணாமே என்று. என்ன சொன்னீர்கள் என்று கேட்டேன். மாவாட்ட எழுந்து போய்விட்டார். இன்றும் சுற்றுவழிதான்.

மார்ச் 11, திங்கள்

ஜே.இ. சார் சாப்பிட வந்தார். கீழே பார்த்துக்கொண்டே சாப்பிட்டார்.

"ஒரு மனு உங்களுது அக்கா. இன்னொரு மனு வந்திருக்குது, அறுவது கையெழுத்து. தெருவுல அமைதி கெடுது, படத்த அழிக்கணும்னு."

"கோயில நிறுத்தறதுக்கு ஆதாரம் கேட்டீங்க. அழிக்கறதுக்கு?"

"அதுக்கு ஆதாரம் வேண்டாமுங்க. பெயிண்ட்டு போதும்."

"பராமரிக்கத்தான் ஹெட் இல்லையே."

"சாம்பல் கலர் அடிக்க இருக்குதுங்க," என்றார். சொல்லும்போது அவர் குரல் நன்றாக இல்லை. இலையில் இரண்டு இட்லியை வைத்துவிட்டு எழுந்து போனார்.

பெனிட்டாவுக்குப் போன் செய்து எல்லாவற்றையும் சொன்னேன், யாருடைய போட்டோ என்பதையும். "நான் வந்து திரும்ப வரைவேன் அக்கா. காசு வேண்டாம். ஆனா அனுமதி தர மாட்டாங்க. கம்பெனிகிட்ட முன்னாடியே கேட்டிருந்தேன். அடுத்த வருஷப் பணம் மரம் நடறதுக்காம்" என்றாள். கோகிலவாணி என்கிற பெயரை எழுதுகிற முறையில் சொல்லச் சொன்னாள். சொன்னேன்.

மார்ச் 13, புதன்

இரண்டு பேர் வந்தார்கள். ஒரு ஏணி, இரண்டு டப்பா, ரோலர். பதினோரு மணிக்கு ஆரம்பித்தார்கள். கம்பெனிப் பெயரை விட்டுவிட்டார்கள், அதை அழிக்க உத்தரவு இல்லையாம்.

பாதம் போயிற்று. மஞ்சள் தாவணி போயிற்று. வாய் போகும்போது அந்த ஆளிடம், "மெதுவா அடிங்க தம்பி, அவ பேசிட்டிருக்கறா," என்றேன். அவர் திரும்பிப் பார்த்துவிட்டு, கொஞ்சம் மெதுவாகத்தான் அடித்தார். கடைசியில் கண். அப்போது நான் பாத்திரம் கழுவப் போய்விட்டேன்.

திரும்பி வந்தால் ஏணியை மடக்கிக்கொண்டிருந்தார்கள். நெற்றிக்கு மேல் எட்டவில்லையாம். பெரிய ஏணிக்குத் தனியாக எழுதிப் போட வேண்டுமாம். எழுதினால் அடுத்த வருடம் வருமாம்.

இப்போது கம்பெனிப் பெயருக்கு மேலே தூண் முழுக்கச் சாம்பல். உச்சியில் மட்டும் ஒரு கை, ஒரு குச்சி, ஒரு காக்காய். புதிதாகப் பார்க்கிறவனுக்கு ஒன்றும் புரியாது.

மார்ச் 15, வெள்ளி

முப்பது இட்லிக்கு மட்டும் மாவு. பூக்காரம்மா வந்தாள். கும்பிட வைத்ததற்காகத் திட்டப் போகிறாள் என்று நினைத்தேன். நாலு இட்லி கட்டச் சொன்னாள். போகும்போது, "பேரன் பேத்தி இருக்குதா?" என்று கேட்டாள். தெரியாது என்றேன்.

மார்ச் 17, ஞாயிறு

இன்று கடை இல்லை. வீட்டில் இருந்தோம். பதினொன்றரை மணிக்குப் போன் அடித்தது. இந்த நம்பரை நான் மாற்றவே இல்லை. சிம் மாற்றினால் காசு குறையும் என்று இவர் எத்தனையோ தடவை சொல்லியும், கடைக்கு வேண்டும் என்று சொல்லி வைத்திருந்தேன். கடைக்கு யார் போன் செய்து இட்லி கேட்கப் போகிறார்கள்.

"அம்மா."

ஜோக் எதுவும் வரவில்லை.

"வீடியோ போன மாசமே வந்துச்சும்மா. என்ற மாமியா பாத்துட்டு, இந்த அம்மன் உன்ற சாடையா இருக்குதேன்னாங்க. நான்தான்னு எனக்கு உடனே தெரிஞ்சு போச்சு. எப்படிக் கூப்பிடறதுன்னுதான் தெரியல. இன்னைக்கு அந்தப் படம் வரஞ்சவங்க என்ற பேரப் போட்டு, அழிச்சுட்டாங்கன்னு போட்டிருக்கறாங்க. நீதான் போட்டோ குடுத்தயாம்மா?"

"வடகம் எல்லாம் காக்கா தின்னுருச்சு அன்னைக்கு," என்றேன். "நீ ஓட்டுன லட்சணம்."

அவள் அழுதாள். சிரிக்கவும் செய்தாள். மூன்று வயதில் ஒரு பெண் இருக்கிறதாம். பெயர் கேட்டேன், சொன்னாள். அதை இங்கே எழுத மாட்டேன், அது எனக்கு.

"அப்பா இருக்கறாராம்மா?"

இருந்தார். நாலடி தள்ளி, உளுந்து டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு. போனை நீட்டினேன். வாங்க மாட்டார் என்று நினைத்தேன். உளுந்துத் தூசி படிந்த கையை வேட்டியில் துடைத்துவிட்டு வாங்கினார். காதில் வைத்தார். அந்தப் பக்கம் அப்பா, அப்பா என்பது எனக்கே கேட்டது. இவர் மூச்சு மட்டும் விட்டுக்கொண்டிருந்தார். செம்பைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாரே, அதே மாதிரி.

அப்புறம் தொண்டையைச் செருமினார்.

"கையி இருக்குது," என்றார். "குச்சியும் இருக்குது, காக்காயும் இருக்குது. அவனுக்கு ஏணி எட்டல."

தூணைப் பார்க்காமல் சுற்றுவழியாகவே போய் வருகிற மனுசன்.